பேசும் பலகைக்கு விடுமுறை உண்டோ?

பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் பொருள்கள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. நம் பெற்றோர் காலத்தில் சிலேட்டும் பலப்பமும் இருந்தன. பின்னர் விலையில்லாப் பாடநூலும் மிதிவண்டியும் வந்தன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கி மேனிலை வகுப்பு மாணவர்க்குத் தமிழக அரசு மடிக்கணினி வழங்கியது. இப்பொழுது அந்தப் பழைய சிலேட்டின் வடிவிலேயே, விரல் பட்டால் இயங்கும் கையடக்கக் கணினி வந்திருக்கிறது. எங்கள் பகுதி மக்கள் அதைச் சுருக்கமாக 'டேப்' என்பார்கள். மடிக்கணினி மாணவனுக்கே சொந்தமாயிற்று. நான் இங்கு எழுத முற்படும் கையடக்கக் கணினியோ பள்ளியின் உடைமை. பிள்ளையின் கையில் இருப்பது இரவல். இந்த இரவலை யார் காப்பது, யார் பூட்டுவது, எப்பொழுது திரும்பப் பெறுவது என்னும் வினாக்கள், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் வாழும் இல்லங்களில் எத்துணைப் பெரியனவாகி விடுகின்றன என்பதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், எண்ணூரை ஒட்டி அமைந்துள்ள மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். ஒருபுறம் கடல், மறுபுறம் கழிமுகம், சூழவும் அனல் மின்நிலையம், துறைமுகம், ஆலைகள். இங்குள்ள இல்லங்களுக்குச் சென்று வரும் வழக்கத்தால் மூன்று பிள்ளைகளை நான் நன்கு அறிவேன். ஒருத்தி மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத சிறுமி. அறிவிலும் குறும்பிலும் யாருக்கும் இளைத்தவள் அல்லள். மற்றொருவன் ஆட்டிசம் உடைய சிறுவன். மூன்றாமவன் பார்வை மிகவும் குறைந்த பையன். எழுத்தை மூக்கு தொடும் அளவுக்கு அருகில் வைத்தே படிப்பான். இம்மூவருக்கும் அவர்கள் படிக்கும் பள்ளி 2023ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஆளுக்கொரு கையடக்கக் கணினியை இரவலாகக் கொடுத்தது. பிள்ளைகளின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. செய்தியே நமக்கு வேண்டியது.

இத்தகைய பிள்ளைகளின் கல்வி எவருடைய இரக்கத்தையும் நம்பி நிற்பதன்று என்பதை முதற்கண் தெளிந்துகொள்வோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் தேர்ந்துகொள்ளும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையுடையது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, பல்வகைக் குறைபாடும் கடுங்குறைபாடும் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்னும் உரிமையும் சேர்ந்தது. ஆதலின் சிறப்பு ஆசிரியை நம் தெருவுக்கு வருவதும், பள்ளியின் கருவி நம் வீட்டுக்கு வருவதும் பிள்ளைக்கு உரியனவே.

கருவி என்ன செய்கிறது? பார்வை குறைந்தவனுக்கு அது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கருமை நிறப் பின்னணியில் வெள்ளெழுத்தாக மாற்றித் தருகிறது. கண் களைத்தால் படித்துச் சொல்கிறது. ஆட்டிசம் உடைய சிறுவனுக்கு, அன்றைய நாளில் எதன்பின் எது நிகழும் என்பதைப் படவரிசையாகக் காட்டுகிறது. பல் துலக்குதல், பள்ளி வண்டி, உணவு, கடற்கரை என்று முன்கூட்டியே அறிந்தால் அவன் கலக்கம் தணிகிறது. பேச இயலாத சிறுமிக்கோ அது வாயாகவே அமைகிறது. திரையில் படங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். அவள் விரல் ஒன்றைத் தொட்டால் அச்சொல்லைக் கருவி உரக்கச் சொல்லும். 'எனக்கு', 'தண்ணீர்', 'வேண்டும்' என்று மூன்றைத் தொட்டால் ஒரு வாக்கியம் பிறக்கிறது.

இத்தகைய கருவி நம் நகரிலேயே உருவானது என்பது பலருக்குத் தெரியாது. 2010ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் 'ஆவாஸ்' என்னும் பேச்சுக் கருவியை உருவாக்கினார். மூளை முடக்குவாதம் உடைய பிள்ளைகளுக்காக 1985 முதல் சென்னையில் பணியாற்றி வரும் வித்யாசாகர் நிறுவனத்தின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்தே அது வடிவம் பெற்றது. முதலில் தனிக் கருவியாக இருந்தது, பின்னர்க் கையடக்கக் கணினியில் இயங்கும் செயலியாயிற்று; தமிழிலும் பேசுகிறது. அயல்நாட்டுக் கருவிகளை வாங்க வழியற்ற குடும்பங்களுக்கு இதனால் ஒரு கதவு திறந்தது.

ஆயினும் கதவு திறந்ததாலேயே வீட்டுக்குள் வெளிச்சம் வந்துவிடவில்லை. சிறுமியின் வீட்டுக்கு நான் முதன்முறை சென்றபோது கருவி எங்கே என்று கேட்டேன். தாயார் பீரோவின் மேல்தட்டிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொதியை இறக்கிக் காட்டினார். இரண்டு மாதங்களாக அது அங்கேயே இருந்திருக்கிறது. “ஒடைஞ்சு போச்சுன்னா அவ்வளவு பணத்துக்கு நாங்க எங்க போவோம், ஃபாதர்? அதான் பத்திரமா வெச்சிருக்கேன்” என்றார். கருவியைக் கொடுத்தபோது பள்ளியில் வாங்கிய தாளில், சேதமானால் பெற்றோரே பொறுப்பு என்று எழுதியிருந்தது. அன்றாடம் கடலை நம்பி வாழும் இல்லத்தில் அவ்வொரு வரி போதும், கருவி பீரோவின் மேல் ஏறிவிடும். தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் பொறுப்பற்று அதைப் பூட்டவில்லை. பொறுப்புணர்ச்சி மிகுந்ததனாலேயே பூட்டினார்.

அடுத்து நேர்ந்த இடர்ப்பாடு வேறு வகையானது. சிறப்பு ஆசிரியை வந்து ஊக்கமளித்தபின் கருவி கீழே இறங்கியது. சிறுமி ஆவலோடு தொட்டாள். திரையில் ஆப்பிள் இருந்தது, பூங்கா இருந்தது, பீட்சாவும் இருந்தது. இறால் இல்லை. நண்டு இல்லை. வலை இல்லை. அவள் தன் தந்தையை 'நைனா' என்றே அறிவாள். கருவியோ 'அப்பா' என்று மட்டும் சொன்னது. பாட்டியைக் குப்பத்தில் 'ஆயா' என்பார்கள், அதுவும் இல்லை. புதுச் சொல் சேர்க்கலாம் என்றால், அதற்குக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் பள்ளியில் இருந்தது. பிள்ளையின் வாயில் எந்தச் சொல் இருக்கலாம் என்பதைப் பிள்ளையை அறியாத ஒருவர் தொலைவிலிருந்து தீர்மானித்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும், பள்ளிகள் பூட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளிகள் மாணவர்க்கு ஐபேட் கருவிகளை வழங்கத் தொடங்கின. சில நாள்களுக்குள்ளாகவே ஏறத்தாழ 300 மாணவர்கள் பூட்டைக் கடந்து தாம் விரும்பிய இணையத் தளங்களுக்குச் சென்றுவிட்டனர். நம் இல்லங்களிலும் அண்ணனோ தம்பியோ கருவியைக் கைப்பற்றி விளையாட்டிலும் திரைப்படப் பாடலிலும் இறங்கிவிடுவது கண்கூடு. பிள்ளை பேச விரும்பும் வேளையில் மின்னேற்றம் தீர்ந்து கிடக்கும். வயதுக்கு ஒவ்வாத காட்சிகள் பிள்ளையின் கண்ணில் படும். ஆகவே பள்ளிகள் மேலாண்மை மென்பொருள் ஒன்றை அமைத்து, எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது என்று ஓரிடத்திலிருந்தே ஆள்கின்றன. ஒரே செயலியில் திரையை நிறுத்திவைக்கும் வசதியும் இக்கருவிகளில் உண்டு. கடவுச்சொல் இன்றி வேறிடம் செல்ல இயலாது.

ஆட்டிசம் உடைய சிறுவனுக்கு அப்பூட்டு பேருதவியாயிற்று. பூட்டுவதற்கு முன் அவன் தொடர்வண்டி ஓடும் ஒரே காட்சியை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிடுங்கினால் தலையைச் சுவரில் மோதினான். படவரிசைச் செயலியில் மட்டும் திரையை நிறுத்திய பிறகு, தொடர்வண்டிக் காட்சிக்கு மாலையில் ஒரு நேரம் வகுத்து, முடியப்போகிறது என்பதைக் காட்ட மணற்கடிகாரம் ஒன்றையும் அவன் முன் வைத்தார்கள். மணல் இறங்கி முடிந்ததும் அவனே கருவியைத் தாயிடம் கொடுக்கப் பழகினான். ஒரு மாதம் ஆயிற்று. ஆகவே பூட்டே தீது என்று நான் சொல்லமாட்டேன். மூவருக்கும் ஒரே பூட்டு என்பதே பொருந்தாதது. ஒருவனுக்கு அலைபாயும் மனத்தை நிறுத்தும் பூட்டு, மற்றொருத்திக்கு நாவைக் கட்டும் பூட்டாகிவிடுகிறது.

சிறுமிக்கு வருவோம். சிறப்பு ஆசிரியை பள்ளியில் பேசி இசைவு பெற்று வந்து, தாயும் ஆயாவும் அருகிருக்க, 14 சொற்களை முதலில் சேர்த்தார். நைனாவின் நிழற்படத்தையே எடுத்து 'நைனா' என்ற கட்டத்தில் வைத்தார். ஆயாவின் குரலிலேயே 'இறால்' பதிவாயிற்று. வாரந்தோறும் சில சொற்கள் கூடின. 'வேணாம்' என்னும் சொல்லைத் திரையின் மேல் மூலையில், விரல் எளிதாகச் செல்லும் இடத்தில், வைக்கச் சொன்னவர் ஆசிரியையே. வேண்டும் என்பதை அழுகையாலும் உணர்த்திவிடலாம்; வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல இயலாத பிள்ளைக்குத்தான் பிறரால் தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதி என்று அவர் விளக்கினார். பெண்மக்களைப் பெற்ற பெற்றோர் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டுகிறேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய செய்தியை நாடே அறியும். படகும் வலையும் கரிய எண்ணெயில் தோய்ந்தன. பல நாள்கள் தொழிலுக்குச் செல்ல வழியில்லை. அவ்வெள்ள இரவில் தாயார் குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு இக்கருவியையும் ஒரே பாலிதீன் உறையில் இட்டு மார்போடு அணைத்து வெளியேறினார். முன்பு அச்சத்தால் பொதிந்து வைத்தவர் இப்பொழுது அருமை அறிந்து பொதிந்தார். பின்னொரு நாள் எண்ணெய் படிந்த கையோடு தந்தை வீடு திரும்பியபோது, சிறுமி 'நைனா', 'அழுக்கு', 'குளி' என்று மூன்றையும் அழுத்தினாளாம். வருமானமின்றி வாடியிருந்த அவ்வீட்டில் அன்று எல்லாரும் சிரித்தார்கள் என்று தாயார் என்னிடம் சொன்னார்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பள்ளி ஆண்டு முடிந்தது. இருப்புப் பதிவேட்டின்படி எல்லாக் கருவிகளையும் பள்ளி திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறுமியின் கருவியும் அலமாரிக்குள் சென்றது. மே மாத விடுமுறை மறைக்கல்வி வகுப்புக்கு அவளைத் தாய் தூக்கிக்கொண்டு வந்தார். முந்திய மாதம் வரை கேள்விக்குக் கேள்வி விடை சொன்ன பிள்ளை, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்திருந்தாள். அதே மாதத்தில் இரண்டு நாள் ஓயாமல் அழுதிருக்கிறாள். வயிறோ, தலையோ என்று தாய் தேடித் தேடி, மருத்துவரிடம் சென்ற பின்னரே காதில் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. 'காது' என்னும் கட்டம் பள்ளி அலமாரிக்குள் இருந்தது.

சூன் மாதம் கருவி திரும்பி வந்தது. ஆனால் எல்லாக் கருவிகளையும் துடைத்துப் புதிதாக்கும் வழக்கப்படி, அதில் சேர்த்திருந்த சொற்கள் அனைத்தும் அழிந்திருந்தன. 60க்கும் மேற்பட்ட சொற்கள்! நைனா மீண்டும் அப்பாவாகியிருந்தார். ஆயாவின் குரலும் இல்லை. சிறுமி பழகிய இடத்தில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு கருவியைத் தள்ளிவிட்டாள். யாரும் தீய நோக்கத்தோடு செய்ததன்று. பாடம் இருக்கும் கருவிக்கும் பேச்சு இருக்கும் கருவிக்கும் வேறுபாடு காணாமையால் வந்த வினை.

அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் சிங்கப்பூரில் நிகழ்ந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். நம் தமிழ்ப் பிள்ளைகளும் பயிலும் அந்நாட்டின் பள்ளிகளில், மாணவர்களின் கருவிகளை ஆண்டுவந்த 'மொபைல் கார்டியன்' என்னும் மேலாண்மை மென்பொருளுக்குள் அயலார் ஊடுருவினர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. அரசு அம்மென்பொருளை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்றியது. செல்வமும் ஒழுங்கும் மிக்க நாட்டிலேயே இது நேர்ந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து ஆளும் வசதி, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து அழிக்கும் வாய்ப்பையும் உடன்கொண்டே வருகிறது. எனவே சொற்பட்டியலின் படி ஒன்றை வேறிடத்தில் சேமித்து வைப்பதும், காகிதத்தில் அச்சிட்ட படப்பலகை ஒன்றை வீட்டில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை. குப்பத்து வீட்டில் மின்தடையும் உப்புக்காற்றும் இருக்கின்றன. காகிதப் பலகைக்கு மின்னேற்றம் வேண்டுவதில்லை.

மூக்குக்கண்ணாடியை எந்தப் பள்ளியும் விடுமுறையில் திரும்பக் கேட்பதில்லை. காதொலிக் கருவியையும் சக்கர நாற்காலியையும் அலமாரியில் பூட்டி வைக்குமாறு எவரும் சொல்வதில்லை. பேச்சுக் கருவி மட்டும் வேறாவது ஏன்? பள்ளியின் அச்சமும் நியாயமானதே. பதிவேட்டில் கணக்கு நேராக இருக்க வேண்டும். தணிக்கையில் தலைமையாசிரியர் விடை சொல்ல வேண்டும். களவு போனால் அடுத்த பிள்ளைக்குக் கருவி இல்லை. இவ்விரு நியாயங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்குச் சட்டமே ஓர் இடத்தை அமைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. அங்கே கேட்கலாமே என்று தாய்மாரிடம் சொன்னேன். முதலில் தயங்கினர், பிறகு மூவரும் சேர்ந்தே சென்றனர்.

2025ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு முன் அக்குழு கூடியது. சிறுமியின் தாயே எழுந்து, காதில் சீழ் கட்டிய கதையைச் சொன்னார். தலைமையாசிரியர் பொறுமையோடு கேட்டார். முடிவில், சிறுமியின் கருவி எழுத்து மூலமான உறுதியின்பேரில் விடுமுறையிலும் வீட்டிலேயே இருக்கலாம் என்றும், சொற்பட்டியலின் படியைச் சிறப்பு ஆசிரியை சேமித்து வைப்பார் என்றும், அசட்டையின்றி நேரும் சேதத்துக்குப் பெற்றோரிடம் பணம் கேட்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டனர். மற்ற இரு பிள்ளைகளின் கருவிகள் அவ்வாண்டும் அலமாரிக்குச் சென்றன. பார்வை குறைந்த பையன் விடுமுறை முழுவதும் கதைப் புத்தகம் எதையும் படிக்க இயலாதிருந்தான். அவனுக்கும் வழி பிறக்கும் வரை இம்முயற்சி நிறைவு பெற்றதாக நான் எண்ணவில்லை.

இத்தகைய கருவி வந்துள்ள குடும்பங்களுக்குச் சில சொற்கள். வாங்கும் நாளிலேயே தாளைப் படித்துக் கையொப்பம் இடுங்கள். சேதத்துக்கு யார் பொறுப்பு, பழுதானால் எங்கே கொடுப்பது, விடுமுறையில் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள். கெட்டியான உறை போடுங்கள். கடற்காற்று வீசும் இடத்தில் இரவில் துணியால் துடைத்து வையுங்கள். ஈரமான துளையில் மின்கம்பியைச் செருகாதீர்கள். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பத்தில் மின்னேற்றம் செய்யாதீர்கள்.

பேச்சுக் கருவியானால், பிள்ளையைத் தேர்வு வைப்பதுபோல 'இது என்ன, அது என்ன' என்று கேட்டுக்கொண்டே இராதீர்கள். நீங்களே அதில் தொட்டுப் பேசிக் காட்டுங்கள். தாய் பேசக் கேட்டுத்தானே எல்லாப் பிள்ளையும் பேசக் கற்கிறது? கேட்டபின் பொறுத்திருங்கள், மெல்ல வரும் விரலுக்குக் காலம் வேண்டும். குறும்பு செய்தாள் என்பதற்காகக் கருவியைப் பறித்து வைக்காதீர்கள். பேசும் பிள்ளை குறும்பு செய்தால் நாம் அதன் நாவை எடுத்து வைப்பதில்லை. இளம்பிள்ளைகள் திரையை நெடுநேரம் பார்த்தல் ஆகாது என மருத்துவர்கள் அறிவுறுத்துவது நலமே. ஆயினும் பேசுவதற்காகத் தொடும் நேரத்தை அக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. உடன்பிறந்தோரை விலக்கி நிறுத்துவதைவிட, அவர்களையே சொற்காவலர் ஆக்குங்கள். இவ்வாரம் அக்காவுக்கு என்ன புதுச்சொல் தேவைப்பட்டது என்று தம்பி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். ஆசிரியை வரும் நாளில் காட்டட்டும். கருவி துடைக்கப்பட்டாலும் குறிப்பேடு எஞ்சியிருக்கும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் இல்லத்தில் இத்தகைய பிள்ளை இல்லாதிருக்கலாம். ஆனால் உங்களில் சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். சிலர் ஆசிரியப் பணியில் இருக்கிறீர்கள். பலருக்கு அண்டை வீட்டிலேனும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த ஏப்ரல் வருவதற்கு முன், உங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கருவிகளின் பதிவேட்டைப் பார்த்து, இவற்றுள் எது பாடத்துக்கானது, எது பிள்ளையின் வாயும் கண்ணுமாக இருப்பது என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டாம் வகையின் எதிரே 'விடுமுறையிலும் வீட்டில்' என்று எழுதி, குழுவின் தீர்மானமாகப் பதிந்து, தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.